சீரைத் திருப்பிக் கொடுத்தால் ஜீவனாம்சம் முடிந்துவிடுமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாணம் முறிகிறது என்றால் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே பெரியவர்கள் உட்கார்ந்து பேசிவிடுவார்கள். நகை, வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் எல்லாம் சிட்டையை வைத்து எண்ணப்பட்டு, பெண் வீட்டுக்குத் திரும்ப வண்டியேறும். "சாமான் அத்தனையும் வந்து சேர்ந்தது, இனி ஒருவருக்கொருவர் பாக்கியில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டால், "அதான் எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள்.

திருப்பிக் கொடுத்தது அவளுடைய பொருள். அதைக் கொடுத்ததால் கணவனுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு ஆகவில்லை. ஜீவனாம்சம் என்பது அவனுடைய வருமானத்திலிருந்தும் சொத்திலிருந்தும் வர வேண்டியது. இரண்டும் வெவ்வேறு ஏடு, வெவ்வேறு கணக்கு. இதை ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் நாற்பது, ஐம்பது வயதில் கையில் எதுவும் இல்லாமல் அண்ணன் தம்பி வீட்டில் ஒண்டியிருக்கிற பெண்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உண்மையில் செட்டிநாட்டுக்கு இந்தப் பிரிவினை புதிதே இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய காலத்தில், பெண்ணுக்குக் கொடுத்த பணம் கடையில் அவள் பெயரில் தனிப் பற்றுவரவாக வைக்கப்பட்டு அதற்கு நடப்பு வட்டி போட்டார்கள். ஆச்சிமார் பணம் என்று அதற்குத் தனிப் பெயரே இருந்தது. கணவன் குடும்பத்தின் கடையாகவே இருந்தாலும் அந்தப் பணத்துக்கு உரிமையாளர் அவள்தான். இன்றைய சட்டமும் அதையே சொல்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு பெண்ணின் சொத்து அவளுக்கே முழு உரிமையானது என்கிறது. சீதனப் பொருளைக் கணவன் வீட்டார் அவள் சார்பாக வைத்திருப்பவர்கள் மட்டுமே, கேட்டபோது தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே கழுத்துருவும் (நகரத்தார் கல்யாணத் தாலி) வைரத்தோடும் திரும்பி வந்தது டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்தது மாதிரிதான். அதை எந்த நீதிமன்றமும் ஜீவனாம்சமாகக் கழித்துக்கொள்வதில்லை. (அவள் கையில் இருக்கிற நகை, பணத்திலிருந்து வருமானம் வருகிறதா என்று பார்ப்பார்கள். அது வேறு விஷயம்.)

சரி, ஜீவனாம்சத்துக்கு வருவோம்.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள். 24ஆவது பிரிவு, வழக்கு நடக்கும் காலத்துக்கான இடைக்காலத் தொகையும் வழக்குச் செலவும். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் இந்த மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகிறது என்பது வேறு. 25ஆவது பிரிவுதான் நிரந்தர ஜீவனாம்சம். விவாகரத்துத் தீர்ப்பின்போதே கேட்கலாம், தீர்ப்பு வந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். மொத்தமாக ஒரு தொகையாகத் தரச் சொல்லலாம், மாதாமாதமும் தரச் சொல்லலாம், மனுதாரரின் ஆயுள்வரை போகலாம். கணவனுக்கு வருமானமில்லாமல் மனைவிக்கு இருந்தால் கணவனும் இந்தப் பிரிவில் கேட்கலாம், சட்டம் ஆண் பெண் என்று பிரிக்கவில்லை.

இவை தவிர பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. மதம் பார்க்காத பிரிவு இது, விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்ணும் இதில் மனைவிதான். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் பராமரிப்புத் தொகை கேட்க வழி உண்டு. எல்லாவற்றிலும் கேட்கலாம், ஆனால் ஒன்றில் கிடைத்ததை மற்றதில் சொல்லியாக வேண்டும், கழித்துக்கொள்வார்கள். மறைத்தால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும்.

எவ்வளவு கிடைக்கும்? எல்லோரும் கேட்கிற கேள்வி இது, சட்டத்தில் இதற்குச் சூத்திரம் கிடையாது. "சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு" என்று டீக்கடையில்கூடச் சொல்வார்கள். அது 2017இல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து கிளம்பியது. கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமான அளவு என்று அதில் சொன்னது உண்மைதான். ஆனால் அதே தீர்ப்பில், கணவன் மறுமணம் செய்து இன்னொரு குடும்பத்தையும் பார்க்க வேண்டியிருப்பதைக் கணக்கில் எடுத்து, உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த மாதம் 23,000 ரூபாயை 20,000 ஆகக் குறைத்தார்கள். முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் இரண்டாவது வரியை விட்டுவிடுகிறார்கள்.

அதேபோல 2024 டிசம்பரில் இரண்டு தீர்ப்புகள் செய்தியில் அடிபட்டன. ஒன்றில் மனைவிக்கு 5 கோடியும் மகனுக்கு 1 கோடியும், இன்னொன்றில் 12 கோடி. இதைப் படித்துவிட்டு நம்மூரில் சிலர் பயந்தார்கள், சிலர் ஆசைப்பட்டார்கள். அந்த இரண்டாவது வழக்கில் நீதிமன்றம் சொன்ன முக்கியமான விஷயம் தொகை அல்ல. பிரிந்த பிறகு கணவன் எவ்வளவு பெரிய பணக்காரனாக வளர்ந்தாலும் அவனுக்குச் சமமான செல்வத்தை மனைவி கேட்க முடியாது, அவன் நொடித்துப்போனால் அந்த நஷ்டத்தில் பங்கு கேட்பாளா என்று கேட்டார்கள். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவள் என்ன வசதியில் இருந்தாளோ அதற்கு ஏற்ற கண்ணியமான வாழ்க்கை, அதுதான் அளவுகோல். கணவனைத் தண்டிக்கிற அபராதமும் இல்லை, சொத்தில் பாகப்பிரிவினையும் இல்லை.

நீதிபதி பார்க்கும் விஷயங்களை 2020 நவம்பர் 4 அன்று வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. இரண்டு பேரின் வயது, படிப்பு, வேலை, கல்யாணம் எத்தனை வருஷம் நீடித்தது, பிள்ளைகள் யாரிடம், கணவனை நம்பி இருக்கிற பெற்றோர், அவனுடைய கடன், மனைவி குடும்பத்துக்காக வேலையை விட்டாளா, அவள் தங்க இடம் இருக்கிறதா, நோய் நொடி. இவற்றில் நீண்ட காலக் கல்யாணத்தில் மிகவும் கனமானது வேலையை விட்டாளா என்கிற விஷயம் என்பது என் எண்ணம். இருபத்து நாலு வயதில் பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்த பெண், கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு, நாற்பத்தைந்தில் தனியாக நிற்கிறாள் என்றால், "படித்தவள்தானே, சம்பாதிக்கலாமே" என்பது பதிலாகாது. சம்பாதிக்கும் தகுதி வேறு, சம்பாதித்துக்கொண்டிருப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொல்லியிருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவள் என்று காட்டுவதற்குப் பட்டினி கிடந்திருக்க வேண்டியதில்லை என்று 2007இலேயே சொல்லிவிட்டார்கள், உறவினர் வீட்டில் சாப்பிட்டு உயிர் வாழ்வதும் வருமானம் ஆகாது. அவள் வேலையிலேயே இருந்தாலும், அந்தச் சம்பளத்தில் பழைய வாழ்க்கைத் தரத்துக்கு வர முடியாது என்றால் வித்தியாசத்தைக் கேட்கலாம். நல்ல சம்பளம் வாங்குகிறாள் என்றால் கிடைக்காமலும் போகலாம், அதுவும் நியாயம்தான்.

ரஜ்னேஷ் தீர்ப்பின் இன்னொரு பகுதி இன்னும் முக்கியம். இரண்டு தரப்பும் வருமானம், செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகப் போட வேண்டும். விவசாயம் செய்கிறவர்களுக்குத் தனி மாதிரிப் படிவம்கூட உண்டு. எதிர்த் தரப்பு நாலு வாரத்துக்குள் போட வேண்டும், இரண்டு வாய்தாவுக்கு மேல் கேட்க முடியாது. பொய் சொன்னால் தனி நடவடிக்கை. தொகையும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. ஜீவனாம்ச வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் கூண்டில் நின்று அழுவதில் இல்லை, இந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது.

இங்கேதான் செட்டிநாட்டுச் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு சம்பளக்காரரின் கதை எளிது, சம்பளச் சீட்டு இருக்கிறது. ஆனால் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ வீதிக்கு வீதி நீள்கிற ஒரு வீட்டில் கணவனுக்குப் பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே இருந்து பார்த்தால் கோடீஸ்வரன். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த வீட்டுக்குப் பங்காளிகள் முப்பது பேர், அதில் பாதிப் பேர் வெளிநாட்டில், விற்க வேண்டுமென்றால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டைப் பராமரிக்கவே காசு போகிறது. பெண் தரப்பு அந்த வீட்டைக் காட்டி "எவ்வளவு பெரிய இடம் பாருங்கள்" என்றும், கணவன் தரப்பு "அதில் எனக்குக் காலணா வரவில்லை" என்றும் வாதாடுவார்கள். இரண்டுமே பாதி உண்மை. 25ஆவது பிரிவு கணவனின் சொந்த வருமானத்தையும் சொத்தையும் பார்க்கச் சொல்கிறது. பூர்வீகச் சொத்தில் அவனுக்குள்ள பங்கு அதில் வரும். மாமனார் உயிரோடு இருந்து அவர் சுயமாகச் சம்பாதித்தது வராது. வீட்டின் அந்தஸ்து வாழ்க்கைத் தரத்துக்குச் சாட்சியாகுமே தவிர, மாதத் தொகையைக் கொடுக்கிற பணப்பெட்டியாக அதை நீதிபதி எடுத்துக்கொள்ள மாட்டார்.

எனவே அந்த வீட்டிலிருந்து நிஜமாக என்ன வருகிறது என்பதைக் காட்ட வேண்டும். சினிமா ஷூட்டிங்குக்கு விடுகிறார்களா, ஒரு பகுதியை ஓட்டலுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்களா, அந்தப் பணம் பங்காளிகளுக்குள் எப்படிப் பிரிகிறது, பழைய சாமான்களைக் காரைக்குடிக் கடைத்தெருவில் விற்ற பணம் எந்தக் கணக்குக்குப் போனது, இதெல்லாம் கேட்டு ஆவணம் வரவழைக்கலாம். புதுவயலில் அரிசி ஆலையில் பங்கு, ஊரில் கடை வாடகை, கைமாற்றாகக் கொடுத்து வாங்கும் வட்டி என்று பணம் பல வழியில் ஓடுகிற ஊர் இது. கணவன் சரியாகக் கணக்குக் காட்டவில்லை என்றால் நீதிமன்றம் அவனுக்கு எதிராகவே ஊகித்துக்கொள்ளலாம்.

நம்மூர்ப் பெண்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. கல்யாணமான ஜோடியைப் பெரிய வீட்டுக்குள்ளேயே வேறு வைத்து, தனி அடுப்பு, தனிச் செலவு என்று விடுகிற வழக்கம் நகரத்தார் குடும்பங்களில் இருக்கிறது. அப்படி இருந்தால் அந்த ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு ஆனது என்பது கூட்டுக் குடும்பச் செலவில் கரைந்துபோகாமல் தனியாகத் தெரியும். வீட்டுக் கணக்கு எழுதுகிற பழக்கமும் இங்கே அதிகம். பால் கணக்கு, மளிகைச் சிட்டை, பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, பத்து வருஷத்துக்கு முந்தைய நோட்டாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். வாழ்க்கைத் தரம் என்று சட்டம் சொல்வதற்கு இதைவிட நேரான சாட்சி எதுவும் கிடையாது.

தொகை எப்படி வரும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. கணவனுக்குப் பிடித்தம் போக மாதம் 80,000. வயதான தாயார் அவரோடு. வீட்டுக்கடன் தவணை 15,000. மனைவிக்கு 46 வயது, வருமானமில்லை, சர்க்கரை வியாதி, கல்லூரியில் படிக்கிற மகள் அவளோடு. நாலில் ஒரு பங்கான 20,000 என்கிற இடத்தில் பேச்சு ஆரம்பிக்கும். மகளின் படிப்புச் செலவு அதற்கு மேல் தனியாக. தாயார் செலவுக்காகக் கொஞ்சம் குறையலாம். வீட்டுக்கடன் தவணையைக் காட்டி நிறையக் குறைக்கப் பார்ப்பார்கள், ஆனால் அது கணவன் தனக்குச் சொத்துச் சேர்த்துக்கொள்கிற செலவு என்பதால் அதை நீதிபதிகள் அவ்வளவாக ஏற்பதில்லை. பி.எஃப்.பில் தானாகவே கூடுதலாகப் போட்டுக் கையில் வரும் சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவதும் அப்படித்தான். சட்டம் கட்டாயமாகப் பிடிக்கிறதை மட்டுமே கழிப்பார்கள். மனைவி சொந்த வீட்டில் இருக்கிறாளா, வாடகை கொடுக்கிறாளா என்பதில் இன்னொரு ஐந்தாறாயிரம் ஏறும் இறங்கும்.

நடத்தை பற்றி ஒரு வார்த்தை. 25ஆவது பிரிவில் இரு தரப்பின் நடத்தையும் ஒரு காரணிதான். ஆனால் "அவள்தான் விட்டுவிட்டுப் போனாள், அதனால் ஒன்றும் கிடையாது" என்று நினைப்பது தவறு. மனைவி பிரிந்துபோனாள் என்ற காரணத்துக்காகவே விவாகரத்து ஆகியிருந்தாலும், விவாகரத்தான பெண்ணாக அவள் பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனமொத்துப் பிரிந்தவர்களுக்கும் 125ஆவது பிரிவில் வழி அடைபடவில்லை என்று 1995இலேயே தீர்ப்பு உண்டு.

இனி, மொத்தமாக வாங்குவதா மாதாமாதம் வாங்குவதா என்கிற கேள்வி. ஊரில் பேசுகிறவர்கள் எல்லோரும் "ஒரே செட்டில்மென்ட், கையெழுத்து, முடிந்தது" என்பதையே விரும்புகிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்று மன்றாடிச் சொல்வேன். 45 வயதுப் பெண்ணுக்கு 15 லட்சம் என்றால் பெரிய தொகையாகத் தெரியும். அவள் 80 வயது வரை இருந்தால் 420 மாதம். வகுத்துப் பாருங்கள், மாதம் 3,571 ரூபாய்தான் வருகிறது. வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 8,750 வரும், முதல் அப்படியே இருக்கும், ஆனால் பத்து வருஷம் கழித்து அந்த 8,750க்கு என்ன வாங்க முடியும்? அது அண்ணன் கையிலோ மகன் தொழிலிலோ போய்விட்டால் அதுவும் இல்லை.

அரசு வேலை, வங்கி வேலை என்று பிடித்துக் கொடுக்கக்கூடிய சம்பளம் கணவனுக்கு இருந்தால் மாதத் தொகை நல்லது, அதில் ஏற்றத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மாதம் 20,000 என்றிருந்ததை 50,000 ஆக்கி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டித் தர உத்தரவிட்டது. அந்த ஏற்றம் தீர்ப்பிலேயே இருந்தால் ஒவ்வொரு தடவையும் மனுவோடு அலைய வேண்டியதில்லை.

மாறாக, கணவன் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்தால், அல்லது ரொக்கமாக ஓடும் வியாபாரம் என்றால், மாதாமாதம் துரத்திக்கொண்டு போவது பெரும்பாடு. இங்கிருந்து போகும் உத்தரவை வைத்து அங்குள்ள முதலாளியிடம் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்ல முடியாது. இந்த இடத்தில் மொத்தத் தொகை சரி. அல்லது அதைவிட நல்ல வழி ஒன்று 25ஆவது பிரிவிலேயே இருக்கிறது. கணவனின் அசையாச் சொத்தின் மேல் ஜீவனாம்சத்துக்குப் பொறுப்பு (பணம் வராவிட்டால் அந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கிற உரிமை) ஏற்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். மேலே சொன்ன, விற்க முடியாத அந்தப் பெரிய வீட்டுப் பங்கு இங்கேதான் பயன்படுகிறது. மாதப் பணம் தராத சொத்துதான், ஆனாலும் பணம் வராமல் போனால் பிடித்துக்கொள்ளப் பிடிமானம். அந்தத் தீர்ப்பைப் பதிவு அலுவலகத்தில் பதிந்துவிட்டால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், பிறகு அந்தப் பங்கை வாங்க வருகிறவர் தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல முடியாது. இதை மனுவில் கேட்டிருக்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாகக் கொடுப்பது அரிது, நிறையப் பேர் கேட்பதே இல்லை.

பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய அந்த வெள்ளைத்தாள் என்ன ஆகும்? "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று மனைவி எழுதிக் கொடுத்தாலும், சட்டம் தந்த பராமரிப்பு உரிமையை அது அழிப்பதில்லை. 125ஆவது பிரிவு வழக்கில் சமரசமாக ஒரு மொத்தத் தொகையை வாங்கிக்கொண்ட மனைவி, பிறகு 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது செல்லும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் விவாகரத்து நீதிமன்றத்தில், நீதிபதி கேட்டு, நியாயமான முழுத் தொகையை வாங்கிக்கொண்டு சம்மதம் சொல்லித் தீர்ப்பில் ஏறியதை அப்புறம் உடைப்பது மிகவும் கடினம். அதனால் மனமொத்த விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள்தான் இந்தக் கட்டுரையில் உள்ள கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்க வேண்டிய நாள்.

செட்டிநாடு என்றால் நகரத்தார் மட்டுமல்ல. விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கென்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதோடு 125ஆவது பிரிவும் (இப்போதைய 144) அவர்களுக்குப் பொருந்தும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 37ஆவது பிரிவு. கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற குடும்பமோ, கொத்தனார் வேலைக்குப் போகிறவரோ, அவர்களுக்கும் இதே அளவுகோல்கள்தான், தொகைதான் சிறியது. உடம்பில் தெம்புள்ள கணவன் "எனக்கு வேலையில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது, கூலி வேலை செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்பது 2022 தீர்ப்பு. வக்கீல் வைக்கக் காசில்லை என்று எந்தப் பெண்ணும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மனுவையும் அவள் இப்போது குடியிருக்கிற ஊரின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், கணவன் ஊருக்கு அலைய வேண்டாம். குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்பில் குறை இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்துக்கும் அது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும்.

தீர்ப்பு வந்த பிறகும் தொகை கல்லில் வெட்டியதாகிவிடாது. கணவன் ஓய்வு பெற்றால், வியாபாரம் படுத்தால், மனைவிக்கு வேலை கிடைத்தால், நோய் வந்தால், யார் வேண்டுமானாலும் மாற்றக் கேட்டு மனுப் போடலாம். ஜீவனாம்சம் பெறுகிறவர் மறுமணம் செய்தால் ரத்துச் செய்யவும் கேட்கலாம். கணவன் மறுமணம் செய்துகொண்டால் அவனுடைய பொறுப்பு நீங்கிவிடாது.

பணம் வரவில்லை என்றால் சம்பளத்தைப் பிடிக்கலாம், சொத்தை ஜப்தி செய்யலாம். 144ஆவது பிரிவு உத்தரவாக இருந்தால் நிலுவை உள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறையும் உண்டு, சிறைக்குப் போய் வந்ததால் பாக்கி தீர்ந்துவிடாது, அதை அப்புறமும் வசூலிக்கலாம். இதில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்தப் பிரிவில் வாரண்ட் கேட்கிற மனுவைத் தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். "தருவார், பொறுத்துப் பார்ப்போம்" என்று பெரியவர்கள் சொல்லக் காத்திருந்து அந்த ஒரு வருஷத்தைத் தாண்டவிடுகிறவர்கள்தான் அதிகம்.